கெங்கவல்லிச் சமவெளியும் சவ்வரிசியும்: அன்றாடப் பொருள் வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

மக்கள் வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என்பவற்றையே பெரும்பாலும் சான்றாகக் கொள்வர். இலையில் இடப்படும் பாயசமும், ஆடைக்கு ஏற்றும் கஞ்சியும், கூடத்தை அணிசெய்யும் மரப்படிமமும், கோடை நாளில் மேல்மாடியில் உலர்த்தும் வடகமும் வரலாற்றுச் சான்றுகளாக எண்ணப்படுவது அரிது. இவை என்றும் உள்ளன போலத் தோன்றுவதே அதற்குக் காரணமாகும். நாள்தோறும் கண்டு பழகிய பொருளுக்கும் ஒரு தொடக்கம் உண்டு என்னும் எண்ணம் எளிதில் எழுவதில்லை.

இதனால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. நேற்று வந்த பொருளைத் தொன்மையுடையது எனக் கொள்ளுதல் ஒன்று. பொருள் புதிது எனக் கண்டவுடன், அதனைச் சூழ்ந்த வழக்கமும் புதிது எனத் தள்ளுதல் மற்றொன்று. இவ்விரண்டினின்றும் தப்புதற்கு வழி ஒன்றே. பெயர், பொருள், வழக்கம் என்னும் மூன்றையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றின் அகவையையும் வேறுவேறாக அளத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒரே காலத்தில் தோன்றுவனவுமல்ல; ஒரே விரைவில் மாறுவனவுமல்ல. இக்கருத்தினைச் சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லிச் சமவெளியின் சவ்வரிசியைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நிலம்

கெங்கவல்லி, சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் ஆத்தூருக்குத் தெற்கே அமைந்த வட்டத் தலைநகராகும். மேற்கே கொல்லிமலையும் தெற்கே பச்சைமலையும் இச்சமவெளிக்கு வரம்பாக நிற்கின்றன. கொல்லிமலையில் தோன்றும் சுவேதநதி, தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் ஆகிய ஊர்களின் வழியே கிழக்கு நோக்கிச் செல்கின்றது. பின்னர் வசிட்டநதியோடு கூடி வெள்ளாறு என்னும் பெயர் பெற்றுப் பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றது. ஆறு உளதேனும் ஆண்டு முழுதும் நீர் ஓடுவதில்லை. ஆதலின் இந்நிலத்து உழவர் கிணற்றையும் மழையையுமே நம்பி வாழ்பவர். சோளம், கம்பு, கேழ்வரகு, நிலக்கடலை முதலியன இங்குப் பழகிய பயிர்கள். இன்று இவற்றோடு, பல இடங்களில் இவற்றுக்கு ஈடாக, மரவள்ளி பரந்து நிற்கக் காண்கின்றோம். ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் வட்டாரங்களில் சவ்வரிசி ஆலைகளும் அவற்றைச் சூழ்ந்த வெண்ணிற உலர்களங்களும் வழிப்போவார் கண்ணுக்கு முதலில் படுவனவாகும்.

கொல்லிமலை சங்கச் சான்றோரால் பாடப்பெற்றது. வல்வில் ஓரிக்கு உரியது. அம்மலையின் அடியில் விளையும் கிழங்கு என்பதனால் மரவள்ளியும் ஓரியின் காலத்தது என ஒருவர் கருதக்கூடும். அது பொருந்தாது.

கிழங்கும் அதன் பெயர்களும்

மரவள்ளி தென்னமெரிக்காவைத் தாயகமாக உடையது. போர்த்துக்கீசியர் வழியாக மேலைக் கடற்கரைக்கு வந்தது என்பர் அறிஞர். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆட்சிபுரிந்த விசாகம் திருநாள் மன்னர் இதன் பயிரைப் பெரிதும் ஊக்கினார். மழை குறைந்த நிலத்திலும் விளைவதும், வேண்டுங்காலத்து அகழ்ந்து கொள்ளத்தக்கதும் ஆகிய இக்கிழங்கு வறியோரின் பஞ்சந் தாங்கியாயிற்று. 1942இல் பருமா சப்பானியர் வயப்பட, அந்நாட்டு அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூர் மக்கள் பலர்க்கு இக்கிழங்கே உயிர் காத்த உணவாயிற்று.

பொருள் இவ்வாறு புதிதாயினும் அதன் பெயர்களுள் ஒன்று மிகப் பழைய சொல்லைத் தாங்கி நிற்கின்றது. வள்ளி என்பது சங்க காலத்துக் குறிஞ்சி நிலத்தார் அகழ்ந்துண்ட கொடிக்கிழங்கின் பெயர். புறநானூற்று 109ஆம் பாட்டில் கபிலர், உழவர் உழாமலே பறம்புமலை தரும் பயன்களாக மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கினை எண்ணுகின்றார். புறநாட்டினின்று வந்த இரு கிழங்குகளுக்குத் தமிழர் இப்பழம்பெயரையே அடைகொடுத்து வழங்கினர். இனிப்புடையதனைச் சர்க்கரைவள்ளி என்றனர். கொடியாகப் படராது நிமிர்ந்து நிற்பதனை மரவள்ளி என்றனர். கொடியைக் குறிக்கும் சொல்லோடு ‘மர’ என்னும் முரணிய அடை வந்து சேர்ந்ததே, இப்பெயர் பின்னர் அமைந்தது என்பதனைக் காட்டும். மிளகின் காரம் உடையதாய்ப் புதிதாக வந்த காயினை மிளகாய் என்றதும் இம்முறையே.

ஏனைப் பெயர்களும் ஆராயத்தக்கன. இலையின் பிளவுகளை எண்ணி ஏழிலைக்கிழங்கு என்றனர் சிலர். குமரி நாட்டார் மரச்சீனி என்பர். கப்பைக்கிழங்கு என்றும் கூறுவர். சேலம், நாமக்கல் சமவெளி உழவர் வழங்கும் பெயர் குச்சிக்கிழங்கு அல்லது குச்சிவள்ளி என்பது. விதையின்றித் தண்டினைத் துண்டு துண்டாக நறுக்கி, அக்குச்சிகளையே நட்டு விளைப்பது இதன் பயிர்முறை. ஏழிலைக்கிழங்கு என்பது செடியைக் கண்டோன் இட்ட பெயராயின், குச்சிக்கிழங்கு என்பது நட்டோன் இட்ட பெயர் எனலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கெங்கவல்லி என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றினைக் கண்டு, வள்ளிக்கிழங்கால் வந்த பெயர் அது எனக் கூற எவரேனும் முற்படலாம். லகர ளகர வேறுபாடு ஒருபுறம் நிற்க, மரவள்ளி இந்நிலத்தின் பெரும்பயிரானது நேற்றைய நிகழ்ச்சியே. ஒலி ஒப்புமை ஒன்றே கொண்டு ஊர்ப்பெயர்க்குப் பொருள் காணுதல் ஆராய்ச்சியாகாது.

சவ்வரிசி என்னும் சொல்

இனி, இக்கிழங்கினின்று ஆக்கப்படும் சவ்வரிசியின் பெயரை நோக்குவாம். இதற்கு மூவகை விளக்கம் கூறலாம். வெந்தபின் சவ்வுபோலத் தெளிவுற்றுத் தோன்றுதலின் சவ்வு + அரிசி என்பது ஒன்று. சாவகத் தீவினின்று வந்தமையின் சாவக அரிசி என்பது அவ்வாறு மருவிற்று என்பது மற்றொன்று. மலாய் மொழியில் ஒருவகைப் பனையின் சோற்றுமாவைக் குறிக்கும் ‘சாகு’ என்னும் சொல்லோடு அரிசி சேர்ந்தது என்பது மூன்றாவது.

முதல் விளக்கம் செவிக்கு இனியது. ஆயினும் அண்டை மொழிகளோடு ஒப்பிட்டவளவில் நில்லாது போகின்றது. இப்பொருளைத் தெலுங்கர் ‘சக்குபிய்யம்’ என்பர். ககரம் அங்கு மெலிந்து ஒலிக்கும். கன்னடர் ‘சப்பக்கி’ என்பர். பகரம் மெலிந்து ஒலிக்கும். மலையாளத்தார் ‘சவ்வரி’ என்பர். பிய்யம், அக்கி, அரி என்பன அவ்வம்மொழியில் அரிசியைக் குறிப்பன. ஆகவே நான்கு மொழிகளிலும் அமைப்பு ஒன்றே. பின்னுறுப்பு அவ்வம்மொழிக்குரிய அரிசிப் பெயர். முன்னுறுப்பு ஒரே அயற்சொல்லின் வேறுவேறு வடிவம். தெலுங்கின் ‘சக்கு’ என்பதற்குச் சவ்வு என்னும் பொருள் இல்லை. எனவே சவ்வு என்பது தமிழர் பின்னர்ப் பொருத்திக் கண்ட பொருளேயன்றிச் சொற்பிறப்பு அன்று.

வடிவ மாற்றமும் இதனை வலியுறுத்தும். ‘சாகு’ என்பதன் நெடில் குறுகி, அதனை அடுத்த மெய் இரட்டித்தலைத் தெலுங்கு, கன்னடம், தமிழ் என்னும் மூன்றிலும் காண்கின்றோம். ககரம் வகரமாதல் தமிழ்ப் பேச்சு வழக்கிற்குப் புதிதன்று. ‘ஆகும்’ என்பது ‘ஆவும்’ எனவும் ‘போகும்’ என்பது ‘போவும்’ எனவும் வழங்குதல் யாவரும் அறிந்தது. சாவக விளக்கத்துக்கு இத்தகைய மொழிச்சான்று இல்லை. மணிமேகலைக் காப்பியத்திலேயே சாவக நாடு பேசப்படுவதனால் அப்பெயர் தமிழர்க்குப் பழக்கமானதே. எனினும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ள வடிவங்களை அதனால் விளக்கல் இயலாது. எனவே மூன்றாவது விளக்கமே கொள்ளத்தக்கது.

பின்னுறுப்பாகிய அரிசியும் கருதத்தக்கது. தமிழில் அரிசி என்பது நெல்லின் உள்ளீட்டை மட்டும் குறிப்பதன்று. தினையரிசி, வரகரிசி, மூங்கிலரிசி, ஏலவரிசி, வெட்பாலையரிசி என்றெல்லாம் தோல் நீங்கிய வித்துக்கள் பலவும் அப்பெயர் பெறும். ஆயின் சவ்வரிசி வித்தே அன்று. மாவைத் திரட்டிய மணி. உருவொப்புமை ஒன்றாலேயே அது அரிசியாயிற்று. வடநாட்டார் இதனைச் ‘சாபுதானா’ என்பர். தானா என்பதும் மணியையே உணர்த்தும். ஆனால் மராட்டியத்திலும் கூர்ச்சரத்திலும் நோன்பு நாள்களில் தானியம் விலக்குவோர் இதனை உண்கின்றனர். பெயரால் மணியாக நின்றும் ஒழுக்கத்தால் தானியத்தின் புறத்தே வைக்கப்பட்டது இப்பொருள். அந்நோன்பிகளின் உணவுக்காகச் சேலத்துச் சவ்வரிசி பெருமளவில் வடக்கே செல்கின்றது.

பெயர் நிற்கப் பொருள் மாறியமை

சவ்வரிசி என்னும் சொல், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் இடம் பெற்றுள்ளது. சேலத்தில் மரவள்ளியினின்று சவ்வரிசி செய்யத் தொடங்கியதோ 1943இல். ஆகவே பொருள் இங்குச் செய்யப்படுவதற்கு முன்னரே பெயர் இங்கு வழங்கிற்று. அப்பெயர் அன்று குறித்தது மலேயா முதலிய கீழை நாடுகளினின்று கப்பலேறி வந்த பண்டத்தை.

1942 பெப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது; மார்ச்சுத் திங்களில் சாவகமும் வீழ்ந்தது. கீழைக்கடல் வாணிகம் அற்றது. சவ்வரிசி மட்டுமன்றி, நெசவாலைகளுக்கு வேண்டிய மாவுப் பொருள்களின் வரவும் தடைப்பட்டது. இத்தட்டுப்பாட்டில் சேலத்து வணிகரான மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவின் பயனை உணர்ந்தார். மலேயாவில் சவ்வரிசித் தொழிலைக் கண்டறிந்திருந்த போபட்லால் சா என்பார் துணையோடு 1943இல் மரவள்ளிச் சவ்வரிசியை ஆக்கலாயினார். தொடக்கத்தில் எல்லாம் கைத்தொழிலே. ஈரமாவைத் துணித்தொட்டிலில் இட்டு ஆட்டி மணியாக்கிச் சட்டியில் வறுத்தெடுத்தனர்.

தொழில் தொடங்கியவுடன் ஒரு வினா எழுந்தது. 1944இல் உணவுப் பஞ்சம் மிக்கிருந்தமையின், வறியோர் உணவாகிய கிழங்கை ஆலைப்பொருளாக்கி வெளியே அனுப்புதல் தகுமோ என்பதே அது. சேலம் மாவட்டத்தினின்று மரவள்ளிப் பொருள்கள் வெளிச்செல்லத் தடை விதிக்கப்பட்டது. செய்வோர் சங்கமாகக் கூடி முறையிட்ட பின்னரே அது நீங்கிற்று. நெருக்கடியில் பிறந்த தொழில் போருக்குப் பின்னும் நிலைத்து வளர்ந்தது. 1981இல் ஆலையாளர் கூட்டுறவுச் சங்கமாகிய சேகோசெர்வ் அமைந்தது. 2023இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்வரலாற்றில் மொழி நூலார் கருதவேண்டியது இது: பனைச்சோற்றைக் குறித்த பெயர் கிழங்கு மாவுக்கு மாறியதனைக் குறிக்கும் அறிவிப்பு எதுவும் இல்லை. உண்போர் நாவும் வேறுபாடு உணர்ந்ததாகத் தெரியவில்லை. பாயசம் பாயசமாகவே இருந்தது. இந்திய உணவுத்தர விதி, சாகுப்பனையின் மாவாலேனும் மரவள்ளிக் கிழங்கின் மாவாலேனும் செய்த சிறுமணிகளே சவ்வரிசி என வரையறுத்து, பழம்பொருள் புதுப்பொருள் இரண்டையும் ஒருங்கே ஏற்கின்றது. அண்மை ஆண்டுகளில் மக்காச்சோள மாவு கலத்தல் பற்றிய முறையீடுகள் உழவரிடையே எழுந்துள்ளன. ஒருமுறை பொருள் மாறிய பெயர் மீண்டும் மாறலாமோ என்பதே இதன் உட்கிடை. முன்னைய மாற்றத்தால் இந்நிலத்து உழவர் வாழ்வு பெற்றனர். இன்னொரு மாற்றம் நேரின் அவ்வாழ்வை இழப்பர். சொல்லின் பொருள் வரையறை உழவனின் கிழங்கு விலையோடு பிணைந்திருப்பதனை இதனால் அறிகின்றோம்.

தொழிலும் தொழிற்சொற்களும்

நட்ட எட்டு முதல் பத்துத் திங்களில் கிழங்கு அகழப்பெறும். அகழ்ந்த கிழங்கு நெடுநாள் நில்லாது கெடுமாதலின் விரைந்து ஆலை சேர்தல் வேண்டும். அங்குக் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து விலை வரையறுப்பர். அவ்வளவினை உழவரும் ஆலையாரும் ‘பாயிண்டு’ என்றே வழங்குவர். தோலுரித்தலைப் பெரும்பாலும் பெண்டிர் செய்துவந்தனர். இன்று எந்திரங்களும் அதனைச் செய்கின்றன. உரித்த கிழங்கைக் கழுவி அரைத்து வடித்த வெண்ணீர் ‘பால்’ எனப்படும். பால் தொட்டியில் தங்கித் தெளிய, மாவு அடியிற் படியும். அவ்வீரமாவை உடைத்துக் குலுக்கி மணியாக்கிச் சலித்து, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ, களத்தில் வெயிலில் உலர்த்துவர். வடித்தபின் எஞ்சும் சக்கை ‘திப்பி’. அது கால்நடைத் தீவனமாகும்.

பால், களம் என்பன ஆயர்க்கும் உழவர்க்கும் உரிய பழஞ்சொற்கள். நெற்போர் அடித்த இடத்தின் பெயரே சவ்வரிசி உலர்த்தும் சிமிட்டித் தளத்திற்கும் ஆயிற்று. புதிய ஆலை வந்தபோது தொழிலாளர் புதிய மொழி தேடவில்லை. தம் பழந்தொழிலின் சொல்லையே கொண்டு வந்தனர். அளவுக்கு மட்டும் அயற்சொல் நின்றது. விலை பேசும் இடத்தில் அயற்சொல்லும் உழைக்கும் இடத்தில் தமிழ்ச்சொல்லும் வழங்குதல் தனியே ஆராய்தற்குரியது.

உணவு, உடை, மனை, ஓய்வு

இனி, இல்லற வாழ்வில் இப்பொருள் பெற்ற இடத்தைக் காண்பாம். உணவில் அது இருவேறு நிலைகளில் நிற்கின்றது. விழா நாளில் பாயசம். நோயுற்ற நாளில் கஞ்சி. விளைநிலத்தில் அவித்த கிழங்கு உழைப்போர் உணவாக, அதன் மாவே மணியாகித் திரும்பி வரும்போது விருந்துணவாகின்றது. ஈழத்துத் தமிழரிடையே மரவள்ளிக் கிழங்கோடு இஞ்சி சேர்த்துண்ணலாகாது என்னும் விலக்கு உண்டு. இக்கிழங்கில் இயல்பாகவே நச்சுத்தன்மை சிறிது உண்டு என்பதும், நன்கு வேகவைத்து உண்ணுதல் வேண்டும் என்பதும் அறிவியல் கூறும் உண்மை. புதிய பொருளை ஏற்ற மக்கள் அதற்குரிய அச்சத்தையும் விலக்காக வகுத்துக் கொண்டனர் எனலாம்.

உடைக்கும் இதன் பயன் உண்டு. பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் சவ்வரிசிக் கஞ்சி ஏற்றுதல் இல்லங்களில் காணும் வழக்கம். நெசவில் பாவுக்கு விறைப்பேற்றவும் மரவள்ளி மாவு பயன்படும். ஆடைக்குப் பசையிடும் வழக்கமோ மிகத் தொன்மையானது. குறுந்தொகை 330ஆம் பாட்டில், ஆடையைப் பசையில் தோய்த்துக் குளத்துநீரில் இடும் புலைத்தியின் செயல் உவமையாக வருகின்றது. ஆண்டு வழக்கம் சங்க காலத்தது. ஈண்டுப் பசை 1943க்குப் பிற்பட்டது. இரண்டனுள் ஒன்றைக் கொண்டு மற்றதன் காலத்தை முடிவு செய்தல் தவறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

மனையணியில் இதற்கு மறுதலையான நிலையைக் காண்கின்றோம். கெங்கவல்லி வட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அச்சிற்பமும் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. வாகை முதலிய மரங்களில் இறையுருவங்களும் ஊர்திகளும் கதவணிகளும் செதுக்கப்படுகின்றன. கோயிலைச் சார்ந்து வளர்ந்த இக்கலையின் உருக்கள் இன்று நகரத்து இல்லக் கூடங்களில் அணிப்பொருளாக நிற்கின்றன. சவ்வரிசியில் வழக்கம் பழையது, பொருள் புதியது. மரச்சிற்பத்தில் பொருளும் கைத்திறனும் பழையன, வழக்கம் புதியது. ஒரே வட்டத்தில் சில கல் தொலைவில் இவ்விரு நிலைகளும் அமைந்திருத்தல் ஆராய்வார்க்குப் பெரும் வாய்ப்பாகும்.

ஓய்வு நாளிலும் சவ்வரிசி உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் சவ்வரிசிக் கூழ் காய்ச்சி, துணிமேல் வடகம் இடுதல் மகளிர் கூடிச் செய்யும் தொழில். காக்கை ஓட்டும் பொறுப்பு சிறுவரைச் சாரும்; பாதி உலர்ந்த வடகத்தைப் பிய்த்துண்பதும் அவர்க்கே உரியது. தினைப்புனத்தில் கிளி ஓப்பிய மகளிரைச் சங்கப் பாட்டில் கற்கும் மாணவர், மேல்மாடியில் காக்கை ஓட்டும் சிறாரை அதனோடு உடனே தொடர்புபடுத்தல் வேண்டா. ஆயினும் வேலையும் விளையாட்டும் ஒன்றாகும் இடங்களைக் குறித்து வைத்தல் வாழ்வியல் வரலாற்றுக்கு இன்றியமையாதது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. மரவள்ளி புதிய பொருள். வள்ளி பழைய பெயர். சவ்வரிசி கீழைக்கடல் வாணிகத்தால் வந்த பெயர். அது குறித்த பொருள் போர்க்காலத்தில் மாறிற்று. பசையிடல் சங்ககால வழக்கம், பசை இக்காலத்தது. ஆகவே ஓர் அன்றாடப் பொருள் பழையதோ புதியதோ என்னும் வினா, எது பழையது என்று பிரித்துக் கேட்டாலன்றி விடை பெறாது.

நம் ஆராய்ச்சி மாணவர் செய்யவேண்டிய பணி ஒன்று உளது. ஆலைகளில் எந்திரம் பெருகப் பெருகக் கைத்தொழிற் சொற்கள் அருகி வருகின்றன. துணித்தொட்டிலில் மாவை ஆட்டிய தலைமுறையினர் குறைந்துவிட்டனர். கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் ஆகிய ஊர்களின் களங்களிலும் பட்டறைகளிலும் வழங்கும் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் யார், எப்பணியில் வழங்கினர் என்பதோடு பதிவு செய்தல் வேண்டும். அகராதியில் சவ்வரிசி என்னும் சொல்லின் கீழ்ப் பனை, கிழங்கு என்னும் இருபொருளும் காலக்குறிப்போடு இடம்பெறுதல் வேண்டும். அக்குறிப்பு ஒரு வரியே ஆயினும், ஒரு போரும் ஒரு பஞ்சமும் ஒரு வறண்ட நிலத்து உழவரின் உழைப்பும் அதனுள் அடங்கும்.